கவலை மாடுகள் திரும்பிப் பார்க்காமல் பின்னோக்கி நடந்தது எப்படி?

கொறங்காட்டுப் பேரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் காங்கயத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். தோட்டத்தில் தண்ணீர் வற்றிப் பல ஆண்டுகளாகிவிட்ட பழைய கிணறு ஒன்று இருக்கிறது. அதன் கரையில் இரண்டு கல் தூண்களும், தூண்களுக்கு முன்னால் கீழ்நோக்கிச் சரிந்து போகும் நீண்ட தடமும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அது என்ன பள்ளம் என்று கேட்க, எழுபத்தெட்டு வயதான என் தந்தையார் கவலை இறைத்த கதையைச் சொல்லத் தொடங்கினார். (இந்தப் பக்கத்துக்காரர்கள் அல்லாதவர்களுக்காக: இங்கே கவலை என்பது மனக்கவலை அன்று, எருதுகளைப் பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் ஏற்பாடு.)

கிணற்றில் நீர் மொள்ளும் பெரிய வாளிக்குச் சால் என்று பெயர். நீர் நிறைந்த சாலை மேலே கொண்டுவர எருதுகள் சரிவில் முன்னோக்கி இறங்கும். சால் கிணற்றுக்குள் திரும்பிப் போக, அதே எருதுகள் நுகத்தடியிலிருந்து அவிழ்க்கப்படாமலேயே சரிவின் மேல் பின்னோக்கி ஏறும். விடியற்காலையில் பூட்டினால் வெயில் ஏறும் வரை இப்படியே நூறு முறைக்கு மேல் போய் வரும் என்றார். எங்கள் வீட்டு மயிலை எருது ஒன்றுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்த பிறகும் அது இரண்டு ஆண்டு கவலை இழுத்ததாம். "மாடு திரும்பியெல்லாம் பாக்காது கண்ணு, அதுக்குக் காலுக்கே தடம் தெரியும்" என்று அவர் சொன்னதும், "காலுக்கு எப்படி அப்பாரு தெரியும்?" என்று மகள் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை.

என் கேள்விகள் இரண்டு. பின்னங்கால் எங்கே விழுகிறது என்று பார்க்க முடியாத எருது, அத்தனை சரிவில் கால் பிசகாமல் எப்படிப் பின்னோக்கி ஏறியது? பின்னோக்கி நடப்பது என்பது முன்னோக்கிய நடையை அப்படியே திருப்பி ஓட்டுவதா, அல்லது உடம்புக்குள் அதற்கென்று வேறு ஏற்பாடு இருக்கிறதா?

கட்டுத்தரை மருத்துவர் எழுதியது:

வணக்கம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்து, இப்போது தாராபுரம் பக்கத்தில் தொழில் செய்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும்.

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், தலையைத் திருப்பாமலேயே அது தன்னைச் சுற்றியுள்ள வட்டத்தில் பெரும்பகுதியைக் காண்கிறது. அதற்குத் தெரியாமல் போவது உடம்புக்கு நேர் பின்னால் உள்ள ஒரு குறுகிய பகுதிதான். பின்னங்கால் விழ வேண்டிய இடமோ பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே அமைந்துவிடுகிறது. ஆகவே கவலைத் தடத்தின் இரு ஓரங்களைக் கண்ணால் பார்த்து எருது தன் திசையை வைத்துக்கொண்டிருக்கலாம், ஆனால் குளம்பை வைக்கும் வேலையைக் கண் செய்யவில்லை. கண்ணில் பூ விழுந்த மயிலையே அதற்குச் சான்று.

அந்த வேலையைச் செய்வது தசைகளுக்குள்ளேயே இருக்கும் உணர்விகள். ஒவ்வொரு தசையின் நார்களுக்கு இடையிலும் மிகச் சிறிய கதிர் வடிவ உறுப்புகள் உள்ளன. நம் பக்கத்து நூல் மில்களில் நூல் சுற்றும் கதிரைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை: நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிந்திருக்கும். தசை நீளும்போது இந்தக் கதிரும் நீள்கிறது. எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகத்தில் நீண்டது என்ற இரண்டு செய்திகளையும் அது நரம்பு வழியாக அனுப்புகிறது. தசை எலும்போடு சேரும் தசைநாணில் வேறொரு உணர்வி இருக்கிறது. கோல்கி உறுப்பு எனப்படும் அது நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல், இழுவிசை எவ்வளவு என்பதை மட்டும் சொல்லும். மூட்டுகளிலும் குளம்புக்குள் உள்ள மென்பகுதியிலும் இருக்கும் உணர்விகள் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. கால் எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது, அதன் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை உடம்பு கண்ணின் உதவியில்லாமல் இந்த வழியில்தான் அறிகிறது. ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் இந்த உணர்வுக்குத் தனிப் பெயரே வைத்தார். நாம் அதைத் தன்னிலையுணர்வு என்று சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொட முடிகிறதே, அதுவும் இதே உணர்வால்தான்.

உங்கள் தந்தையார் சொன்னது உவமையன்று. காலுக்குத் தடம் தெரியும் என்பது ஏறக்குறைய அப்படியே உண்மை.

சாலோட்டி எழுதியது:

எனக்கு வயது எழுபத்தொன்று. மருத்துவர் சொன்னவற்றை மறுப்பதற்கில்லை, ஆனால் கவலை ஓட்டியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எருது தன் காலை மட்டும் கொண்டு பின்னேறவில்லை. வடமும் அதற்கு வழி சொன்னது.

இறங்கும்போது ஓட்டுபவன் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வான். அவன் பாரமும் சேர்ந்தே சாலை இழுக்கும். சரிவின் அடிக்கு வந்ததும் வால்கயிறு தளர்ந்து, சாலின் அடியில் குழாய்போல் தொங்கும் தோல் வால் தொட்டியில் நீரைக் கொட்டிவிடும். அதன் பிறகு வெறும் சால் கிணற்றுக்குள் இறங்கத் தொடங்கும்போது அந்த எடை வடத்தின் வழியாக நுகத்தடியை மெல்லப் பின்னுக்கு இழுக்கும். பழகிய எருது அந்த இழுப்பு கழுத்தில் மாறாமல் இருக்கும்படி பின்னடி வைக்கும். அவசரப்பட்டுப் பின்னேறினால் வடம் தொய்ந்து காலில் சிக்கும், தயங்கி நின்றால் சால் பாதிக் கிணற்றில் தொங்கும். புது எருதைப் பழக்கும்போது இதுதான் பெரும்பாடு. பழகிய எருதோடு ஜோடி சேர்த்துப் பூட்டி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் நின்று தள்ள வேண்டும். எங்கள் தோட்டத்தில் பதினைந்து இருபது நாளில் பெரும்பாலானவை பழகிவிட்டன, ஓரிரண்டு கடைசிவரை பழகவே இல்லை. வலத்து மாட்டை இடப்பக்கம் மாற்றிக் கட்டினால், முன்னோக்கி இறங்கும்போது சமாளித்துக்கொள்ளும், பின்னேறும்போது தடுமாறும். இது ஏன் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்து, பம்ப்செட் வந்து, கவலை போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வேலையைச் செய்தவர்கள் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

நரம்பியல் வாசகி எழுதியது:

கோவையில் ஒரு கல்லூரியில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். இரண்டாவது கேள்விதான் என்னை இழுத்தது, ஆனால் அதற்குப் பதில் சொல்ல முன்னோக்கி நடப்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

நடக்கும்போது ஒவ்வொரு காலையும் மூளை உத்தரவிட்டு எடுத்து வைக்கிறது என்றுதான் நாம் இயல்பாக நினைக்கிறோம். 1911இல் தாமஸ் கிரகாம் பிரௌன் என்பவர் மயக்கநிலையில் இருந்த பூனைகளில், தண்டுவடத்தை மூளையிலிருந்து துண்டித்து, காலிலிருந்து செய்தி கொண்டுவரும் நரம்புகளையும் வெட்டிய பிறகு, பின்னங்காலை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் மாறி மாறி இயங்கியதைக் காட்டினார். மேலிருந்து உத்தரவும் இல்லை, கீழிருந்து செய்தியும் இல்லை, ஆனாலும் நடையின் தாளம் எழுந்தது. அப்படியானால் அந்தத் தாளத்தை எழுப்பும் நரம்பு வலை தண்டுவடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த முடிவை அரை நூற்றாண்டுக் காலம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு 1966இல் மாஸ்கோவில் ஷிக், செவெரின், ஓர்லோவ்ஸ்கி ஆகிய மூவர், பெருமூளை துண்டிக்கப்பட்ட பூனையை டிரெட்மில்லின் மேல் தாங்கி நிறுத்தி, நடுமூளையில் ஓரிடத்தில் சீரான மின்துடிப்பைக் கொடுத்தார்கள். பூனை நடந்தது. மின்துடிப்பின் வலுவைக் கூட்டியபோது நடை ஓட்டமாகவும், மேலும் கூட்டியபோது நாலுகால் பாய்ச்சலாகவும் மாறியது. கொடுத்த துடிப்பில் தாளம் மாறவில்லை, வலு மட்டுமே கூடியது என்பதைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து வருவது "போ", "இன்னும் வேகமாகப் போ" என்ற அளவிலான உத்தரவு. எந்தக் கால் எப்போது எழ வேண்டும் என்ற கணக்கைத் தண்டுவடம் பார்த்துக்கொள்கிறது. கவலை ஓட்டியவருக்கு இது புதிதாக இருக்காது. அவரும் எருதுக்கு ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார். (தண்டுவடத்திலும் ஒரு வடம் இருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.)

ஆனால் இந்தத் தாளம் குருட்டுத் தாளமாக இருந்தால் முதல் கல்லிலேயே கால் இடறும். அதனால் மருத்துவர் சொன்ன உணர்விகளின் செய்தி ஒவ்வோர் அடியிலும் உள்ளே நுழைந்து தாளத்தைத் திருத்துகிறது. ஒரு கால் தரையை விட்டு எழுவதற்கு முன் தண்டுவடம் இரண்டு செய்திகளுக்குக் காத்திருக்கிறது. ஒன்று, இடுப்பு மூட்டு போதுமான அளவு பின்னுக்கு நீண்டுவிட்டதா என்பது. மற்றொன்று, அந்தக் காலின் மேலிருந்த பாரம் குறைந்துவிட்டதா என்பது. பாரம் இருக்கும் வரை, தசைநாண் உணர்விகள் காலை எழவிடாமல் தடுக்கின்றன. காலம் எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்தால், பெரிய விலங்கின் காலிலிருந்து முதுகுக்கு ஒன்றரை மீட்டர் என்றும், நரம்பில் செய்தி நொடிக்கு 70 மீட்டர் போகிறது என்றும் கொண்டால், ஏறக்குறைய ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் செய்தி தண்டுவடத்தை எட்டிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இடறலைப் பற்றிய சோதனை. எழுந்து முன்னே போய்க்கொண்டிருக்கும் காலின் மேற்புறத்தை ஒரு குச்சியால் தொட்டால், பூனை அந்தக் காலை உடனே மேலும் மடக்கித் தடையைத் தாண்டி வைக்கிறது. அதே தொடுகையை அந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கும்போது கொடுத்தால், மடக்குவதற்குப் பதிலாக இன்னும் அழுத்தி ஊன்றுகிறது. ஒரே தொடுகைக்கு நேர் எதிரான இரண்டு பதில்கள். ஊன்றிய காலை மடக்கினால் விழுந்துவிடும் என்ற தெளிவு, மூளையோடு தொடர்பு அறுந்த தண்டுவடத்துக்கே இருக்கிறது.

இனிப் பின்னோக்கிய நடைக்கு வருகிறேன். அது முன்னோக்கிய நடையைத் திருப்பி ஓட்டுவதாக இருக்க முடியாது என்பதற்கு மேலே சொன்னதிலேயே ஒரு காரணம் இருக்கிறது. முன்னே நடக்கும்போது, எழ வேண்டிய கால் பின்னுக்கு நீண்டிருக்கும். பின்னே நடக்கும்போது அதே கால் எழும் நேரத்தில் வயிற்றுக்கு அடியில் முன்னால் இருக்கும். ஆகவே இடுப்பு மூட்டின் செய்தி தலைகீழாகிவிடுகிறது. மாறாமல் எஞ்சுவது பாரத்தின் செய்தி மட்டுமே. நடை பழகாத கைக்குழந்தைகளை டிரெட்மில்லின் மேல் தாங்கிப் பிடித்துப் பட்டையை எந்தப் பக்கம் ஓட்டினாலும், முன்னோக்கியும் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் அடி வைக்கின்றன. அங்கும் இடுப்பின் செய்தி திசைக்கேற்பப் பொருள் மாறுகிறது, பாரத்தின் செய்தி மாறுவதில்லை.

இதை வைத்து ஒரே வலைதான் எல்லாத் திசைக்கும் வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் சோய், பாஸ்டியன் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு வேறு பக்கம் காட்டுகிறது. இடக்காலுக்கு ஒரு வேகம், வலக்காலுக்கு ஒரு வேகம் என்று ஓடும் இரட்டைப் பட்டை டிரெட்மில்லில் மனிதர்களை நடக்கவிட்டால், சற்று நேரத்தில் அவர்கள் அதற்குப் பழகிவிடுகிறார்கள். பட்டைகளை மீண்டும் சமமாக்கினால் கொஞ்ச நேரம் நொண்டுகிறார்கள். முன்னோக்கி நடந்து பழகியவர்கள் பின்னோக்கி நடந்தபோது அந்த நொண்டல் வரவில்லை. ஒரு திசையில் கற்றது மறு திசைக்குப் போய்ச் சேரவில்லை. அதே ஆய்வில் ஒவ்வொரு காலும் தனித்தனியே பழகுவதும் தெரிந்தது. சாலோட்டி ஐயா கேட்ட வலத்து மாடு, இடத்து மாடு விவகாரத்துக்கு இது நேரடியான விடையன்று, ஏனெனில் எருதை வைத்து யாரும் இதைச் சோதித்ததாக நான் படித்ததில்லை. எனினும், முன்னோக்கிய நடையின் பழக்கம் பின்னோக்கிய நடைக்குக் கைகொடுக்காது என்பதும், ஒரு பக்கத்தில் கற்றது மறுபக்கத்துக்குத் தானாக வராது என்பதும் அவர் கண்டதோடு பொருந்துகின்றன. இப்படிப் பழகுவதற்குச் சிறுமூளை வேண்டும். அது பழுதுபட்டவர்கள் இந்த டிரெட்மில்லுக்குப் பழகுவதில் மிகவும் சிரமப்படுகிறார்கள்.

ஈயில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பழ ஈயின் மூளையிலிருந்து கால்களுக்கான நரம்பு முடிச்சுகளுக்கு இறங்கும் ஒரு சில நரம்பணுக்களைத் தூண்டினால் ஈ பின்னோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறது என்று வியன்னாவில் ஒரு குழு 2014இல் கண்டது. அவற்றைச் செயலிழக்கச் செய்தால், முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்ட ஈக்குப் பின்வாங்கத் தெரியாமல் போகிறது. "பின்னே போ" என்பதற்குத் தனி உத்தரவு, அடி வைப்பது கீழே உள்ள வலைகளின் பொறுப்பு. எருதிலும் வேலைப் பங்கீடு இதைப் போன்றதாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

பெருமாநல்லூரான் எழுதியது:

ஒரே வேலையைப் பல நாள் செய்தால் எந்த விலங்கும் பழகிவிடும். பழக்கம் என்ற ஒரு சொல்லில் முடிய வேண்டியதற்குப் பூனையின் தண்டுவடத்தை வெட்டிப் பார்க்க வேண்டுமா?

நரம்பியல் வாசகி எழுதியது:

உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது. அந்தச் சோதனைகளைப் பாடத்தில் சொல்லும்போது எனக்கும் சங்கடமாகவே இருக்கும். ஆனால் பழக்கம் என்பது நடந்ததற்கு நாம் வைக்கும் பெயர், அது எங்கே எப்படிப் பதிகிறது என்பதை அந்தச் சொல் தருவதில்லை.

விலங்கை வெட்டாமலே செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். மெக்வே, பியர்சன் என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. பூனை ஒன்று குறுக்கே கிடக்கும் தடையை முன்னங்கால்களால் தாண்டிய உடன், பின்னங்கால்கள் தாண்டுவதற்கு முன் அதற்கு உணவைக் காட்டி நிறுத்திவிட்டு, அது பார்க்காதபடி தடையை எடுத்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து நடந்தபோதும், இல்லாத தடையைத் தாண்டப் பின்னங்கால்கள் சரியான உயரத்துக்கு எழுந்தன. தடையைக் கண்ணால் பார்த்ததோடு நிறுத்தப்பட்ட பூனைக்கு அந்த நினைவு சில நொடிகளில் மங்கிப்போனது. முன்னங்கால் ஒரு முறை தாண்டியதுதான் நினைவைப் பதியவைத்தது. ஒரே முறை நடந்ததைப் பழக்கம் என்று சொல்ல முடியாதல்லவா?

கொறங்காட்டுப் பேரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களை என் தந்தையாருக்கு வாசித்துக் காட்டினேன். சாலோட்டி ஐயா எந்த ஊர் என்று கேட்கச் சொன்னார்.

இன்னொரு கேள்வி எழுகிறது. எருது பின்னோக்கி ஏறியது சரி, ஆனால் எங்கள் பசுவை டெம்போவில் ஏற்றிக் கண்ணபுரம் சந்தைக்குக் கொண்டுபோனபோது, இறக்குவதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. பலகை வைத்துப் பின்னோக்கி இறங்கச் சொன்னால் அடியெடுத்து வைக்கவே மறுத்துவிட்டது. அதே பசு, கட்டுத்தரையில் சாணி அள்ளும்போது தள்ளினால் தானாகப் பின்னே நகர்கிறது. அப்படியென்றால் பின்னடி வைக்கத் தெரியாமல் இல்லை. பழக்கம் மட்டும்தான் வேறுபாடா?

கட்டுத்தரை மருத்துவர் எழுதியது:

பழக்கமும் மிரட்சியும் நிச்சயம் உண்டு. ஆனால் சரிவின் திசையையும் பாருங்கள். கவலை எருது பின்னோக்கி ஏறியது, உங்கள் பசு பின்னோக்கி இறங்க வேண்டியிருந்தது.

பின்னோக்கி ஏறும் எருதின் தலை தாழ்வான பக்கத்திலும், பின்புறம் மேட்டிலும் இருக்கிறது. மாட்டின் எடையில் பாதிக்கு மேல் எப்போதும் முன்னங்கால்களில்தான். இப்படி நிற்கும்போது இன்னும் அதிகமாக முன்னே சாய்கிறது. அதனால் பின்னங்கால் பாரம் குறைந்து எளிதாக எழுகிறது. அதைவிட முக்கியமாக, பின்னே நீளும் குளம்பை நோக்கித் தரை உயர்ந்து வருகிறது. எதிர்பார்த்த நேரத்துக்குச் சற்று முன்பே குளம்பில் தரை படுகிறது. உடம்பின் பாரம் முழுவதும் இன்னும் மற்ற கால்களின் மேல் இருக்கும்போதே, ஊன்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அவகாசம் கிடைக்கிறது.

டெம்போவிலிருந்து பின்னோக்கி இறங்கும்போது இது தலைகீழாகிறது. எடை பின்னுக்குச் சாய்கிறது, பாரம் ஏறிய பின்னங்காலையே எடுத்து வைக்க வேண்டும், வைத்த இடத்தில் தரை இல்லை. பொறிக்கதவு திறந்து கால் குழிக்குள் போகும்படி பூனைகளில் சோதித்தபோது, தரை படும் என்று எண்ணி ஊன்றும் தசைகள் முன்கூட்டியே இறுகுவதும், தரையின் செய்தி வராதபோது காலை வேகமாக மேலே இழுத்துக்கொள்வதும் தெரிந்தன. உங்கள் பசு காலை நீட்டி நீட்டி மடக்கியிருந்தால், அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தரையைத் தேடிக் கிடைக்காமல் காலைத் திரும்ப எடுத்திருக்கிறது.

இடம் இருந்தால் டெம்போவுக்குள்ளேயே திருப்பி முன்னோக்கி இறக்குங்கள். இடமில்லையென்றால், வண்டியின் பின்பக்கத்தை ஒரு மேட்டோடு ஒட்டி நிறுத்தி, பலகையே தேவைப்படாமல் சமமாக இறங்க வையுங்கள். பலகை வைத்தே ஆகவேண்டுமானால், வழுக்காமலிருக்க அதன் மேல் ஈரச் சாக்கு விரித்து, முதல் அடிக்கு ஒருவர் குளம்பைப் பிடித்துப் பலகையில் தொட வைத்தால் பெரும்பாலான மாடுகள் இறங்கிவிடும். பிடிப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், நேர் பின்னால் நிற்கக் கூடாது.

கொறங்காட்டுப் பேரன் எழுதியது:

மருத்துவர் எழுதியதைப் படித்துவிட்டு, மகள் நேற்று மாலை பழைய கவலைத் தடத்தில் தானே நடந்து பார்த்தாள். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, தன் அப்பாருவின் கையைப் பிடித்தபடி, அடியிலிருந்து தூண்கள் வரை பின்னோக்கி ஏறிவிட்டாள். அதே தடத்தில் பின்னோக்கி இறங்கச் சொன்னபோது, இரண்டாவது அடியிலேயே நின்று, கட்டை அவிழ்க்கச் சொன்னாள். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, ஏறும்போது தரை முன்னாடியே வந்துவிடுகிறது, இறங்கும்போது வரவே மாட்டேன் என்கிறது என்றாள்.

சாலோட்டி ஐயா, ஊர்ப் பெயரைச் சொல்ல விருப்பமில்லையென்றால் எந்தப் பக்கம் என்றாவது சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் தடம் எத்தனை முழ நீளம் வைத்தார்கள் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.